அழுக்குப் படாத சாக்ஸ்

"நல்லாருக்கேன்" என்கிற சொல்லை முதன்முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை வீடியோ காலில் கூப்பிட்டு, தையல் எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா, மாத்திரை விழுங்கினீர்களா என்று விசாரிப்பது என் வேலை. பித்தப்பை எடுத்தவரும் நல்லாருக்கேன் என்கிறார், குடலிறக்கத்துக்குத் தைத்தவரும் நல்லாருக்கேன் என்கிறார். கட்டிலில் புரள முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவரைக் கூப்பிட்டாலும் அதே பதில்தான். எல்லாரும் இவ்வளவு நன்றாக இருந்தால் எனக்கு எதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று புரியவில்லை.

இதே சந்தேகம் என் மாமியாருக்கும் உண்டு. ஆஸ்பத்திரி எங்கோ இருக்கிறது. நான் வடகரப்பதியில், வாழ்க்கைப்பட்ட வீட்டில், தேங்காய் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, அதில் ஒரு மேசையும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு நர்ஸ் வேலை பார்க்கிறேன். யூனிஃபார்ம் மேல்சட்டை மட்டும் போடுவேன். கீழே வீட்டுப் பாவாடைதான். மாமியார் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, சும்மா போன்ல பேசறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?" என்பார். ஊசி போடாத நர்ஸை அவரால் நர்ஸ் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேலைக்கு வந்த புதிதில் எனக்கே அப்படித்தான் இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிகிற காய்ச்சலை, இங்கே பத்துக் கேள்வி கேட்டுக் கறக்க வேண்டியிருக்கிறது.

இப்படி என்னிடம் வந்து சேர்ந்தவர்களில் ஓர் அக்கா. பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். வருஷக்கணக்காகச் சரிவில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டிருந்தது. அதனால் டாக்டருக்கு ஒரு பயம். இந்த மாதிரி ஆப்பரேஷனுக்குப் பிறகு படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடலாம். அது பிய்த்துக்கொண்டு நெஞ்சுக்குப் போய்விட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதைத் தடுக்கத் தொடை வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற வெள்ளைச் சாக்ஸ் ஒரு ஜோடி கொடுத்து, ராத்திரியும் பகலும் கழற்றக் கூடாது, வீட்டுக்குள்ளேயே மெல்ல மெல்ல நடக்க வேண்டும், மேடு ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். விரலில் மாட்டினால் நாடித் துடிப்பைக் காட்டுகிற சின்ன மெஷினும் கொடுத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று நான்தான் போனில் கேட்டேன். "அக்கா, உங்க பக்கம் சிக்னல் கிடைக்குமா?" "கிடைக்கும் சிஸ்டர். நல்லாக் கிடைக்கும்."

நானும் அப்படி ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளுக்குத்தான் அங்கே லயம் என்று பேர். என் வீடு இருந்தது அடுத்த மலை. அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. கொங்குத் தமிழ் பேசுகிற ஊரில் "ஏனுங்க, வாங்க, போங்க" என்று நாக்கைப் பழக்கி வைத்திருந்தவள், அந்த அக்காவிடம் மட்டும் ஊர்ப் பேச்சுக்குத் திரும்பிவிடுவேன். நாள் பூராவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத என் பிழைப்பைக்கூட ஒருநாள் அவரிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன்.

தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு அழைப்பேன். முதல் மணிக்கே எடுத்துவிடுவார். எடுத்தவுடன் என்ன காட்சி என்கிறீர்கள்! ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலை, எண்ணெய் வைத்து வழித்துச் சீவின தலை, முகத்தில் பவுடர். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பின்னால் பச்சைப் பசேலென்று தேயிலை. வீட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கேட்பதற்கு முன்பே அக்கா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, காலை கேமராவுக்கு நேராக நீட்டுவார். வெள்ளை வெளேரென்று சாக்ஸ். அதைப் பார்த்து நான் பூரித்துப் போவேன். என் பட்டியலில் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னபடி கேட்கிறவர் வேறு யாரும் கிடையாது.

ஆனால் மூச்சு வாங்கினார். பேச ஆரம்பித்தால் ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டித்தான் சொன்னார். விரலில் மெஷினை மாட்டச் சொன்னால் நாடி குதிரை வேகத்தில் ஓடியது.

"என்னக்கா இப்படி மூச்சு வாங்குது? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். உங்களைப் பாத்த... சந்தோசம்."

சந்தோஷத்தில் மூச்சு வாங்குகிறதாம்! மறுநாளும் அதே சந்தோஷம், அதற்கு மறுநாளும் அதே. ஆப்பரேஷன் முடிந்த ஒருவருக்கு உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கினால் நர்ஸுக்கு முதலில் நினைவு வருவது அந்த ரத்தக்கட்டிதான். டாக்டரைக் கூப்பிட்டேன். கோட்டயம் பக்கத்துப் பிள்ளை, நல்ல மாதிரி, ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரே பதில்தான். "சாரமில்லா சிஸ்டரே." பரவாயில்லையாம். காலில் வீக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள், நாளைக்கும் பாருங்கள் என்றார். கேட்டேன். இல்லை என்றார்கள். நல்லாருக்கேன் என்றார்கள். நானும் நாளைக்கும் பார்த்தேன்.

அன்றைக்கு மலையில் காற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் கையிலிருந்து போன் நழுவி விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. திரையில் வானம் தெரிந்தது, ஒரு பாறை தெரிந்தது, அப்புறம் வெகு கீழே, தீப்பெட்டிகளை அடுக்கியது போல், தகரக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. தகரக் கூரையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? அது லயம். லயம் அங்கே கீழே கிடந்தால் இவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

"அக்கா, எங்க இருந்து பேசுதீங்க?"

போனை எடுத்துத் துடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. இது எந்த இடம்?"

"பாறை வளைவு சிஸ்டர். வீட்டுல சிக்னல் கிடைக்காதுல்லா. இங்கனதான் கிடைக்கும். ரெண்டு எட்டுதான்."

மலைக்காரர்கள் சொல்கிற ரெண்டு எட்டு எவ்வளவு தூரம் என்று மலையில் பிறந்த எனக்குத் தெரியும். மேடு ஏறக் கூடாது என்று தினமும் நான் சொல்வதைக் கேட்பதற்காக, இந்த மனுஷி தினமும் மேடு ஏறியிருக்கிறார். வயிற்றுத் தையலோடு, மழையில் வழுக்குகிற ஒற்றையடிப் பாதையில். முன்னால் வீட்டுக்காரர் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு போக, பின்னால் இவர் கோயில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, மேலே வந்து உட்கார்ந்து, பவுடரைச் சரிசெய்துகொண்டு, நான் கேட்டதும் "வீட்டை விட்டு வெளிய போறதே இல்ல சிஸ்டர்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சேசுவே, என்ன ஜென்மங்கள் இவர்கள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "இனிமே ஒரு அடி வெளிய வைக்கக் கூடாது. போய்ப் படுங்க! எனக்குத் தகவல் வேணும்னா அண்ணன் மட்டும் ஏறி வந்து சொன்னாப் போதும்!" என்று கத்தினேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

மாமியார் உள்ளே வந்துவிட்டார். "ஏங் கண்ணு, ஆரை இப்புடி வையற? நீ கத்தற கத்துக்குப் போனே வேண்டாம், மலைக்கே நேராக் கேக்கும்."

டாக்டரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "கயற்றம் கயறியிட்டாணு சிஸ்டரே!" மேடு ஏறினதால்தான் மூச்சு வாங்கியிருக்கிறது, கேஸ் முடிந்தது, சாரமில்லா. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாளாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை இறக்கி வைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்காரர் மட்டும் பாறை வளைவில் நின்றார். குளித்து, வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். நாற்காலியையும் விடவில்லை, கொண்டு வந்து போட்டிருந்தார். அதில் யாரும் உட்காரவில்லை. அவர் நின்றுகொண்டுதான் பேசினார்.

"சொன்னபடியே படுத்திருக்கா சிஸ்டர். அசையவே விடல. நல்லாருக்கா."

"சாக்ஸ் போட்டிருக்காங்களா?"

"கேப்பீங்கன்னு தெரியும், அதான் கையோட கொண்டாந்துட்டேன்" என்று சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். கவருக்குள்ளிருந்து, மடிப்புக் கலையாமல், அந்த வெள்ளைச் சாக்ஸ் ஜோடியை வெளியே எடுத்து, கேமராவுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார். "பாத்துக்கிடுங்க. ஒரு அழுக்குப் படல. நீங்க பாக்கும்போது மட்டும்தான் போடுவா. முடிஞ்சதும் கழட்டிப் பெட்டியில வச்சுருவா. ஆஸ்பத்திரிச் சாமான்லா, நாளைக்குத் திருப்பிக் கேட்டா நல்லபடியாக் கொடுக்கணும்ல."

அத்தனை நாளும் அந்த வெள்ளையைப் பார்த்துப் பூரித்தேனே! கருஞ்சேற்றுப் பாதையில் ஏறி வருகிறவர் காலில் இருக்கிற சாக்ஸ் எப்படி வெள்ளையாக இருக்கும்? மேலே வந்து உட்கார்ந்த பிறகுதான் மாட்டியிருக்கிறார். எனக்கு இது புதிதா? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்துக்கு அதிகாரிகள் செக்கிங் வருகிறார்கள் என்றால் முதல் நாளே தகவல் வந்துவிடும். சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள், எங்கள் தலையில் எண்ணெயைக் கொட்டுவார்கள். காய்ச்சலில் சுருண்டு கிடந்த என் அம்மா எழுந்து, முகம் கழுவி, பவுடர் பூசி, வாசலில் நின்று "எல்லாரும் நல்லாருக்கோம் சார்" என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். செக்கிங் போனதும் மறுபடி போய்ச் சுருண்டுகொண்டார். என் வீடியோ காலும் இவர்களுக்கு ஒரு செக்கிங். அவ்வளவுதான்.

"அண்ணே, நல்லாப் பாத்துச் சொல்லணும். அக்காவுக்கு ஏதாவது ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கா?"

கொஞ்சம் தயங்கினார். "இடது கெண்டைக்கால் லேசா வீங்கியிருக்கு. ஏறி எறங்குனதுல சுளுக்கு. நான் ராத்திரியும் காலையிலயும் தைலம் போட்டு நல்லா உருவி விடுதேன்."

"தேய்க்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மாட்டுத் தொழுவத்தில் மாடு எழுந்து நின்றுவிட்டது. "கை வைக்காதீங்கண்ணே! மூச்சு எப்படி இருக்கு? படுத்திருக்கும்போது?"

"படுத்திருந்தாலும் வாங்கத்தான் செய்யுது" என்றார், மெதுவாக.

கட்டி ஏற்கெனவே காலில் இருக்கிறது. இந்த மனுஷன் அன்போடு அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறார். உடனே ஜீப் பிடித்துக் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நேத்து ஒரு அடி வெளிய வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சத்தம் போட்டீங்க?"

"அது நேத்து!"

"தெனம் ஒண்ணு சொன்னா நாங்க எதைக் கேக்க சிஸ்டர்?"

"உயிருக்கு ஆபத்துண்ணே. விளையாட்டில்ல."

"பயங்காட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எப்படியும் ஜீப் வரும், அதுல கூட்டிட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை! தலையை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உயிர் என்று சொன்னால் இவர்கள் அசையமாட்டார்கள். எதற்கு அசைவார்கள் என்று யோசித்தேன். அதுதான் கண் முன்னால் நிற்கிறதே, வெள்ளை வேட்டி சட்டையில்! குரலை இறக்கிக்கொண்டு, ஆபீஸ் தோரணையில் சொன்னேன்.

"அண்ணே, இன்னைக்கு டவுன் ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் செக்கிங். அக்கா பேர் அதுல இருக்கு. மதியத்துக்குள்ள ஆள் அங்க இல்லைன்னா அப்புறம் நான் ஜவாப் சொல்ல முடியாது."

"செக்கிங்கா?" என்றார். "முதல்லயே சொல்லக் கூடாதா சிஸ்டர்?" சாக்ஸைக் கவருக்குள் திணித்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு சரிவில் ஓடினார். உயிருக்கு ஓடாத கால், செக்கிங் என்றதும் என்ன ஓட்டம் ஓடுகிறது! எனக்கு அழுகையாக வந்தது.

டாக்டரைக் கூப்பிட்டேன். "அது நேற்றே முடிந்ததல்லவா" என்று ஆரம்பித்தார். "சாரமுண்டு டாக்டர்!" என்று அவர் பாஷையிலேயே கத்தினேன். "இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கு. ஒரு நாள்கூட ஒழுங்காச் சாக்ஸ் போடல. படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குது. தினமும் ரெண்டு வேளை உருவி விட்டிருக்காங்க." இந்தத் தடவை சாரமில்லா வரவில்லை. "கீழே ஆஸ்பத்திரியில் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் ஆளை வண்டியில் ஏற்றுங்கள்" என்றார்.

வடகரப்பதியில் உட்கார்ந்துகொண்டு நான் எங்கே வண்டியில் ஏற்றுவது? லயத்தில் சிக்னல் கிடையாது. போனையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அடுத்து அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் சொன்ன நல்லாருக்கேன்களைக் காதில் வாங்கிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு வழியாகப் போன் அடித்தது. வீட்டுக்காரர். மூச்சு இரைத்தது.

"ஜீப் வந்துட்டு சிஸ்டர். அதைச் சொல்லத்தான் ஏறி வந்தேன்."

"அக்கா ஏறியாச்சா?"

"இல்ல. அவ சேலை மாத்திட்டிருக்கா."

அடப்பாவி மனுஷா! "எந்தச் சேலையும் வேண்டாம்! கட்டியிருக்கிற துணியோட ஏத்துங்க! நடக்க விடாதீங்க, அந்த நாற்காலியில உக்காத்தி வச்சுத் தூக்கிட்டு வாங்க! பவுடர் பூசினாங்கன்னா நானே அங்க வந்துருவேன்!" என்றேன். வருவதற்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் பயந்துதான் போனார்.

சாயங்காலம் டாக்டரே கூப்பிட்டார். காலில் ஒரு ரத்தக்கட்டி. அதிலிருந்து பிய்ந்து போனது சின்னதாக ஒன்று நெஞ்சில். ஊசி ஆரம்பித்துவிட்டார்களாம், பிழைத்துக்கொள்வாராம். ஞாயிற்றுக்கிழமை வரை விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, யூனிஃபார்ம் சட்டையோடு மேசையில் கவிழ்ந்து அழுதேன். மாமியார் வந்து பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த மலைக்காரிக்குச் செரியாச்சா கண்ணு?" என்றார். ஆச்சு என்றேன்.

இரண்டொரு நாள் கழித்து, ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் வீடியோவில் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குள்ளேயே சிக்னல் இருந்தது. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக் கவுன், கையில் ஊசி, அவிழ்ந்து கிடந்த தலை. முகத்தில் பவுடர் இல்லை. பவுடர் இல்லாத அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் நினைத்ததைவிட வயதான முகம்.

"எப்படி இருக்கீங்கக்கா?" பழக்கதோஷம், கேட்டுவிட்டேன். பதில் என்ன வரும் என்று தெரியும் என்பதால் எரிச்சலும் சேர்ந்தே வந்தது.

அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நல்லால்ல சிஸ்டர்" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கால் கடுக்கிறது, ஊசி போட்ட இடம் கன்றிக் கிடக்கிறது, இந்தச் சாக்ஸ் உயிரை வாங்குகிறது, இதைக் கண்டுபிடித்தவனை வெயிலில் நிறுத்தி இதைப் போட்டுவிட வேண்டும், கஞ்சியில் உப்பில்லை, பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுகிறாள், ஆப்பரேஷன் ஆன நாளிலிருந்தே அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, ராத்திரியானால் செத்துப்போய்விடுவோமோ என்று பயமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை, நீங்கள் அன்றைக்குக் கத்தினது இன்னும் காதுக்குள் கேட்கிறது, எதற்கு அப்படிக் கத்தினீர்கள். மற்ற நேரத்தில் இத்தனை புகாரைக் கேட்டால் எனக்குத் தலைவலி வந்துவிடும். அன்றைக்கு ஒன்றையும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மூச்சு வாங்காமல், ஒரே வாக்கியத்தில் கேட்டார். "அது கிடக்கட்டும், நீங்க எப்படி இருக்கீங்க சிஸ்டர்?"

"நல்லாருக்கேன்க்கா" என்றேன்.

திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய் சொல்லாதீங்க. கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. நாள் பூரா அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கிறதில்லன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க? காலைத் தூக்குங்க, பாப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போங்கக்கா என்றேன். விடவில்லை. பின்னால் வீட்டுக்காரரும் "காட்டுங்க சிஸ்டர், அவ பாக்காம விடமாட்டா" என்றார். வாசலில் மாமியார் நிற்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, வீட்டுப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, காலை கேமராவுக்கு நேராக நீட்டினேன்.